சுங்கத்துக்கு அது சுவர் விளக்கு

1966இல் நியூயார்க்கின் டிபோர் டி நாகி கேலரியில் அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரே ஒரு கண்காட்சி வைத்தார். தரையில் எட்டுக் கல்லடுக்குகள். ஒவ்வொன்றிலும் 120 செங்கல், இரண்டு வரிசை உயரம். எண்ணிக்கை மாறவில்லை, பரப்பிய விதம் மட்டும் மாறியது: ஒன்று ஒடுங்கி நீளமாக, ஒன்று அகலமாக. எட்டுக்கும் கன அளவு ஒன்றே என்பதால் தொகுப்புக்கு ‘ஈக்விவலன்ட்’ (சமமானது) என்று பெயர். சாந்து கிடையாது, ஆணி கிடையாது. கல்லின் மேல் கல் வைத்ததோடு சரி. கண்காட்சி முடிந்ததும், விற்காத கற்களைச் செய்த இடத்துக்கே திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

லண்டனின் டேட் அருங்காட்சியகம் அதில் எட்டாவதை 1972இல் வாங்கியது. அடுக்கை மறுபடி செய்யக் கல் தேடியபோதுதான் சிக்கல் தெரிந்தது. மணலும் சுண்ணாம்பும் சேர்த்து அந்தக் கல்லைச் செய்துவந்த தொழிற்சாலை மூடப்பட்டிருந்தது. ஆந்த்ரே வேறு வழியில்லாமல் உலைகளுக்குள் பதிக்கும் தீச்செங்கல்லை எடுத்தார். இன்று டேட்டில் இருப்பது அதுதான். விலை 2,297 பவுண்ட். 1976 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு நாளிதழ் இந்த விஷயத்தை எழுதியதும் பிரிட்டன் கொந்தளித்தது. வரிப்பணத்தில் செங்கல்லா என்று பத்திரிகைகள் கார்ட்டூன் போட்டன. பார்வையாளர் ஒருவர் கற்களின் மேல் நீலச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போனார்.

‘இதை எங்கள் தெருக் கொத்தனாரே அடுக்கியிருப்பாரே’ என்பதுதான் அன்றைய சண்டையின் சாரம். இன்றும் இப்படிப்பட்ட படைப்புகளின் முன்னால் நிற்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அந்தக் கேள்வி எனக்கு அலுத்துவிட்டது. அடுக்க முடியும்தான், யார் இல்லை என்றது? சண்டையில் யாரும் பெரிதாகக் கவனிக்காத கல் சங்கதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கும் கிடைக்கும், எப்போதும் கிடைக்கும், ஒன்று போனால் இன்னொன்று என்ற தைரியத்தில் கலைஞர் எடுத்த பொருள் சில வருடங்களிலேயே கிடைக்காமல் போயிற்று. ஆலைச் சரக்கின் சாதாரணத்தன்மைக்கும் ஆயுள் உண்டு. ஆலைப் பொருளை அப்படியே எடுத்து ஓர் இடத்தில் அமைத்துவைக்கும் நிறுவல் கலையின் இந்தக் கிளையை விளங்கிக்கொள்ள அங்கிருந்து தொடங்குவது நல்லது.

செங்கல், கால்வனைஸ் தகடு, பிளைவுட், பிளெக்ஸிகிளாஸ், கார் பெயின்ட் என்று 1960களின் அமெரிக்கக் கலைஞர்கள் ஹார்ட்வேர் கடைக்குள் புகுந்ததற்குக் காரணங்கள் உண்டு. முந்தைய தலைமுறையின் ஓவியம் கையின் வீச்சை, தூரிகையின் தடத்தை, கலைஞனின் உள்மனத்தைக் கொண்டாடியது. அந்த ஆட்டம் சலித்துப்போன இளைஞர்களுக்குக் கைத்தடமே இல்லாத பொருள் தேவைப்பட்டது. ஆலையில் இருந்து வரும் பொருளில் யாருடைய கைத்தடமும் இல்லை. அளவு முன்பே தீர்மானமானது, நிறம் முன்பே தீர்மானமானது. ஆந்த்ரே 1960 முதல் 1964 வரை பென்சில்வேனியா ரயில்வேயில் சரக்கு வண்டிகளோடு வேலை பார்த்தவர். ஒரே மாதிரிப் பெட்டிகளை மாற்றி மாற்றிக் கோர்ப்பது அவருக்குக் கலைக் கல்லூரிப் பாடமாக வரவில்லை, பிழைப்பாக வந்தது.

இந்தக் கூட்டத்தில் தன் கைக்கு எட்டிய பொருளை மிகக் கடுமையான விரதம்போலப் பிடித்துக்கொண்டவர் டேன் ஃப்ளேவின். அவர் எடுத்தது டியூப் லைட். 1963 முதல் 1996இல் இறக்கும்வரை அதை விடவில்லை.

1933இல் நியூயார்க்கில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. புரூக்ளினில் குருமடப் பள்ளியில் படிக்கவைத்தார்கள். அது ஒட்டவில்லை. விமானப் படையில் சேர்ந்து வானிலைப் பிரிவில் பயிற்சி பெற்றுக் கொரியாவில் இருந்தார். திரும்பி வந்ததும் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தபால் பிரித்தார், நவீன கலை அருங்காட்சியகமான மோமாவில் காவலாளியாகவும் லிஃப்ட் ஆபரேட்டராகவும் இருந்தார். சோல் லெவிட், ராபர்ட் ரைமன் என்று பின்னாளில் பெயர் வாங்கிய சிலரும் அதே காலத்தில் அங்கே சில்லறை வேலைகளில் இருந்தார்கள். ஒரு தலைமுறைக் கலையின் நல்ல பங்கு மோமாவின் சம்பளப் பட்டியலில் கடைநிலை வரிகளில் இருந்திருக்கிறது.

1961இல் பல்புகளைப் பெட்டிகளின் ஓரத்தில் பொருத்தி ‘ஐகான்’ (வழிபாட்டுத் திருவுருவம்) என்ற வரிசையைத் தொடங்கினார். எட்டுப் பெட்டிகள். அதில் ஒன்று 1962இல் இறந்த இரட்டைச் சகோதரன் டேவிட்டின் நினைவாகச் செய்தது. அந்த வரிசை முடியும் முன்பே அடுத்த தாவல் நிகழ்ந்தது. 1963 மே 25 அன்று பெட்டியைக் கழற்றிவிட்டு, பொன்மஞ்சள் நிறத்தில் எட்டடி டியூப் லைட் ஒன்றை மட்டும் சுவரில் 45 பாகைச் சாய்வில் மாட்டினார். அந்தத் தேதியே படைப்பின் பெயரானது. அந்த விளக்கைச் சுவரில் அமைக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை, அது தானாகவே வந்து பொருந்திக்கொண்டது என்று பின்னால் எழுதினார். படைப்பை ருமேனியச் சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குசிக்குக் காணிக்கையாக்கினார். இந்தக் காணிக்கை பிறகு நமக்கு வேலை வைக்கப்போகிறது.

அவர் போட்டுக்கொண்ட விதிகள் சில. நீளம் இரண்டடி, நாலடி, ஆறடி, எட்டடி. நிறம் சிவப்பு, நீலம், பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள். வெள்ளையில் கூல் ஒயிட், டேலைட், வார்ம் ஒயிட், சாஃப்ட் ஒயிட் என்று நான்கு. எப்போதாவது புற ஊதா. 1970களில் வட்டக் குழாயும் சேர்ந்தது. இவை அத்தனையும் கம்பெனி கேட்டலாகில் இருந்தவை. நியான் விளக்கோடு இதைக் குழப்பக்கூடாது. நியான் கண்ணாடியைத் தீயில் காட்டி வளைக்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும், வேண்டிய எழுத்தாகவும் உருவாகவும் வளையும். டியூப் லைட் வளையாது. கடைக்காரர் கொடுத்த நீளம்தான் நீளம்.

உள்ளே நடப்பதையும் பார்த்துவிடலாம். குழாய்க்குள் கொஞ்சம் ஆர்கான், ஒரு துளி பாதரசம். மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி புற ஊதாக் கதிரை உமிழ்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. குழாயின் உள்சுவரில் பூசிய பாஸ்பர் பொடி அதை வாங்கிக்கொண்டு தெரியும் ஒளியாக மாற்றுகிறது. எந்தப் பொடி என்பதைப் பொறுத்து நிறம். மின்னோட்டம் எகிறாமல் பிடித்துவைக்க ஒரு சோக். அந்தச் சோக் இரையும் சத்தம் ஃப்ளேவின் கண்காட்சிகளில் கேட்கும், அதை மறைக்க அவர் முயலவில்லை. குழாயைத் தாங்கும் பட்டியையும் மறைக்கவில்லை. வெள்ளை பெயின்ட் அடித்த தகரப் பட்டியின் நிழல், முனையில் உள்ள ஹோல்டர் எல்லாம் படைப்பின் பகுதி.

நிறத்துக்கு நிறம் வெளிச்சத்தின் பலம் மாறும் என்பதை அவர் வேலை செய்து செய்தே கற்றார். பச்சைக் குழாய் கண்ணைப் பறிக்கும், ஏனென்றால் மனிதக் கண்ணின் உணர்திறன் உச்சத்தில் இருப்பது பச்சைப் பகுதியில்தான். சிவப்புக் குழாயில் பிற நிறங்களை வடிகட்டித்தான் சிவப்பைப் பெறவேண்டியிருந்தது, அதனால் அது மங்கல். இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் பச்சை சிவப்பை விழுங்கிவிடும். 1966இல் வியட்நாம் போர்க் காலத்தில், பதுங்கித் தாக்கியதில் கொல்லப்பட்டவர்களின் நினைவாக ஒன்று செய்தார். அதில் சிவப்புக் குழாய் மட்டும்தான். அறையின் மூலையில், தலைமட்டத்துக்கு, ஒரு குறுக்குவில்போல நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மங்கல்தான் அங்கே வேண்டியிருந்தது.

மூலை என்றதும் 1963இன் இளஞ்சிவப்புப் படைப்பைச் சொல்லியாக வேண்டும். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் எட்டடிக் குழாய் ஒன்று செங்குத்தாக நிற்கிறது. ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸுக்குக் காணிக்கை. கிட்டப் போனால் இளஞ்சிவப்புக் குழாயும் அதன் பட்டியும்தான். நாலு தப்படி பின்னால் வந்து பாருங்கள். இருட்டு குடியிருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம் வழிகிறது, இரண்டு சுவர்களும் சந்திக்கும் கோடு காணாமல் போகிறது. குழாயைச் சிற்பம் என்று நினைத்து வந்தவருக்கு அப்போதுதான் அவர் கை வைத்தது அறையின் மேல் என்று புரியும். அந்தப் படைப்பு இன்று மோமாவின் சொத்து. அங்கே காவல் நின்றவர் செய்தது.

நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் ஊரில் உள்ள தியா அருங்காட்சியகத்தில் அவருடைய 1973ஆம் ஆண்டுப் பச்சைத் தடுப்பு இருக்கிறது. சதுரச் சட்டங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வேலிபோல நீண்டு, நீளமான கூடத்தை ஒரு பக்கமாக அடைத்து நிற்கின்றன. சற்று நேரம் அந்தப் பச்சையில் நின்றால் கண் பழகிப்போய் அது வெளிறி, ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். அப்போது ஜன்னல் பக்கம் திரும்பினால் சாதாரணப் பகல் வெளிச்சம் ரோஜா நிறத்தில் இருக்கும். பச்சையை உணரும் கண் செல்கள் களைத்துவிட்டதன் விளைவு. இதில் மாயமில்லை. ஆனால் இந்த இளஞ்சிவப்பு எந்தக் குழாயிலும் இல்லை, எந்தச் சுவரிலும் இல்லை, புகைப்படத்தில் விழாது. ஃப்ளேவின் படைப்பைப் படத்தில் பார்த்து முடிவு கட்டுபவர்கள் இழப்பது இதைத்தான்.

குருமடத்தில் படித்தவர், ‘ஐகான்’ என்று பெயர் வைத்தவர், ஒளியையே கையாண்டவர். விமர்சகர்களுக்கு இது போதாதா? ஆன்மிகம், தெய்வீக ஒளி, தேவாலயக் கண்ணாடி என்று எழுதித் தள்ளினார்கள். ஃப்ளேவினுக்கு எரிச்சல். அது எதுவோ அதுதான், அதைத் தவிர வேறொன்றுமில்லை என்றார். ஆனாலும் அவர் கடைசியாக வடிவமைத்தது மிலானின் கியேசா ரோஸ்ஸா தேவாலயத்துக்கான ஒளி, சாவுக்கு இரண்டு நாள் முன்பு முடித்துக் கொடுத்தார். 1997இல் அது ஏற்றப்பட்டது. இந்த முரணை அவரே அவிழ்க்காமல் விட்டுப் போனார். நாமும் விடலாம்.

அவர் மீண்டும் மீண்டும் போன இடம் சோவியத் கலைஞர் விளாதிமிர் தாத்லின். புரட்சிக்குப் பின் 1919-20இல் தாத்லின் நானூறு மீட்டர் உயரத்தில் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு கோபுரத்தைத் திட்டமிட்டார். மாதிரி ஒன்றோடு அது நின்றுபோனது. ஃப்ளேவின் 1964இல் ஏழு கூல் ஒயிட் குழாய்களைப் படிப்படியாக நிறுத்தி, வானளாவிய கட்டடத்தின் சாயலில் ஒன்றைச் செய்து, அதைத் தாத்லினுக்கான ‘நினைவுச் சின்னம்’ என்றார். 1990 வரை அந்த வரிசை வளர்ந்தது. நினைவுச் சின்னம் என்பதை எப்போதும் மேற்கோள் குறிக்குள்ளேயே போட்டார். நிரந்தரமற்ற நினைவுச் சின்னங்கள் என்கிற கிண்டலுக்காக என்று காரணமும் சொன்னார். குழாயின் ஆயுள் 2,100 மணி நேரம், அதுவரைதான் இதுவும் என்று கணக்கும் கொடுத்தார்.

இப்போது சுங்கத்துக்கு வருவோம்.

பிரான்குசியின் ‘வெளியில் பறவை’ என்ற வெண்கலச் சிற்பம் 1926இல் கப்பலில் நியூயார்க் வந்திறங்கியது. பளபளவென்று மெருகேற்றிய, மேலே போகப் போகச் சிறுக்கும் ஒரு வளைவு. இறக்கை இல்லை, அலகு இல்லை. கலைப்பொருளுக்கு அமெரிக்காவில் இறக்குமதி வரி கிடையாது. சுங்க அதிகாரிகளுக்கோ அதில் பறவை தெரியவில்லை. சமையலறைச் சாமான், மருத்துவமனைப் பொருள் என்ற இனத்தில் சேர்த்து நாற்பது சதவீதம் வரி கேட்டார்கள். வழக்கு நடந்தது. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் இதைச் செய்துவிட முடியாதா என்று சாட்சியாக வந்த சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைனைக் கேட்டார்கள். மெருகேற்றுவார், ஆனால் இதைக் கற்பனை செய்ய அவரால் முடியாது, விஷயமே அதுதான் என்றார் எப்ஸ்டைன். 1928 நவம்பரில் பிரான்குசி பக்கம் தீர்ப்பு வந்தது. இயற்கையில் உள்ள ஒன்றைப் போலச் செய்வதுதான் சிற்பம் என்ற பழைய இலக்கணம் அதோடு தளர்ந்தது.

அந்தப் பிரான்குசிக்குக் காணிக்கையாக டியூப் லைட் மாட்டியவரின் படைப்பும் எண்பது வருடம் கழித்து அதே வாசலில் மாட்டிக்கொண்டது. லண்டன் கேலரி ஒன்று 2006இல் ஃப்ளேவினின் 1973ஆம் ஆண்டுப் படைப்பையும் பில் வயோலாவின் வீடியோ நிறுவலையும் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்தது. ஃப்ளேவினுடையது ஆறு வெள்ளைக் குழாய்கள், கூல் ஒன்று வார்ம் ஒன்று என்று மாறி மாறி. கலைப்பொருள் என்றால் பிரிட்டனில் இறக்குமதி மீது ஐந்து சதவீத மதிப்புக் கூட்டு வரி. விளக்கு என்றால் முழு வரி, அன்றைய கணக்கில் பதினேழரை சதவீதம். சுங்கத்துறை விளக்கு என்றது. பெட்டியைத் திறந்தால் குழாயும் பட்டியும்தானே இருக்கின்றன! 2008இல் தீர்ப்பாயம் கேலரிக்குச் சாதகமாகச் சொன்னது. பாகங்கள் சேர்ந்து ஒரு கலைப்படைப்பு ஆவதை மறந்துவிட்டுப் பாகங்களை மட்டும் வகைப்படுத்துவது அபத்தம் என்பது அதன் வாதம்.

விஷயம் அங்கே முடியவில்லை. 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஆணையம் 731/2010 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறையைப் பிறப்பித்தது. அதன்படி ஃப்ளேவின் படைப்பு சுவர் விளக்கு வகையறா. காரணம் சொல்லும் வரிதான் விசேஷம். கலைப்படைப்பாக இருப்பது அந்த அமைப்பு அல்ல, அது இயங்கும்போது உண்டாகும் ஒளி விளைவு என்கிறது அது. அதாவது எரியும்போது கலை, அணைந்திருக்கும்போது விளக்கு. எல்லையைத் தாண்டும்போது அணைந்துதானே இருக்கும்.

கலை உலகம் சிரித்தது, கோபப்பட்டது. எனக்கு அந்த வரி அவ்வளவு மடத்தனமாகத் தெரியவில்லை. பச்சை அறையில் நின்றவரைக் கேளுங்கள், நீங்கள் பார்த்தது குழாயையா, அந்த வெளிச்சத்தையா என்று. அதிகாரி ஒருவர் வரி வசூலுக்காக எழுதிய வாக்கியம் பல கண்காட்சிக் கையேடுகளைவிட விஷயத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஆனால் வந்த இடத்தில் தவறிவிட்டது. அந்த வெளிச்சம் ஏதோ ஒரு குழாயில் இருந்து வந்துவிடுவதல்ல. நீளம், பட்டி, குழாய்க்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, இவையெல்லாம் தீர்மானிக்கும் வெளிச்சம். பொருளைப் பிரித்து எடுத்துவிட்டு விளைவை மட்டும் கலை என்று வைத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் கடையில் நானே ஆறு குழாய் வாங்கி மாட்டினால் ஃப்ளேவின் ஆகிவிடுமா? ஆகாது, ஏனென்றால் உங்களிடம் சான்றிதழ் இல்லை. ஃப்ளேவின் தன் படைப்புகளைப் பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து பிரதிகள் கொண்ட பதிப்புகளாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தோடு கையெழுத்திட்ட சான்றிதழ். குழாய் எரிந்துபோனால் மாற்றலாம், பட்டி துருப்பிடித்தால் மாற்றலாம், சான்றிதழ் தொலைந்தால்தான் தொலைந்தது. வீட்டுப் பத்திரம் மாதிரி. பொருள் எவ்வளவுக்கு எவ்வளவு மலிவோ, காகிதம் அவ்வளவுக்கு அவ்வளவு இறுகிப்போனது. கலையைக் கையில் இருந்து விடுவிக்கிறோம் என்று கிளம்பியவர்கள் கையெழுத்திடம் வந்து நின்றார்கள். இதைச் சொன்னால் ரசிகர்களுக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான்.

இந்த இறுக்கம் வெடித்த இடம் ஒன்று உண்டு. இத்தாலியச் சேகரிப்பாளர் ஜுசெப்பே பான்சா 1960களிலும் 70களிலும் இந்தத் தலைமுறையின் படைப்புகளை நிறைய வாங்கியவர். பலவற்றை வரைபடமும் சான்றிதழுமாகவே வாங்கினார். 1989இல் லாஸ் ஏஞ்சலஸ் கேலரி ஒன்றின் கண்காட்சிக்காக ஆந்த்ரேயின் ஒரு படைப்பும் டொனால்ட் ஜட்டின் ஒரு படைப்பும் அவரது அனுமதியோடு அங்கேயே புதிதாகச் செய்யப்பட்டன. கலைஞர்களைக் கேட்கவில்லை. இரும்புத் தகடுதானே, அளவு காகிதத்தில் இருக்கிறதே என்பது எண்ணம். இருவரும் அது எங்கள் படைப்பே அல்ல என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். ஜட் நீண்ட கண்டனம் எழுதினார். யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு யாரும் செய்யக்கூடாது என்பதா என்று கேட்கலாம். ஜட் தரப்பில் நியாயம் இருந்தது. தகட்டின் கனம், விளிம்பின் மடிப்பு, தரையோடு அது உட்காரும் விதம், எல்லாம் காகிதத்தில் இல்லை. அது அவருக்கும் அவருடைய பட்டறைக்காரர்களுக்கும் இடையில் இருந்தது. அந்தச் சேகரிப்பின் பெரும்பகுதி இப்போது குகன்ஹைமிடம். அதில் எது படைப்பு, எது வெறும் தகடு என்று ஆராய அவர்கள் 2010இல் தனித் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது.

ஆலைப் பொருள் என்றாலே இப்படிக் குளிர்ந்து விறைத்து நிற்க வேண்டும் என்பதில்லை. கானாவில் பிறந்து நைஜீரியாவின் இன்சுக்கா ஊரில் வாழ்ந்து கற்பித்த எல் அனாட்சுய், மது பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி, செப்புக் கம்பியால் தைத்து, சுவரளவு துணிபோல ஆக்குகிறார். அதில் பல கைகளின் பல மாத உழைப்பு இருக்கிறது. அந்த மதுவுக்குப் பின்னால் அடிமை வணிகத்தின் வரலாறும் இருக்கிறது. கானாவின் இப்ராஹிம் மகாமா பழைய சணல் சாக்குகளைத் தைத்துக் கட்டடங்களையே போர்த்துகிறார். ஆசியாவில் நெய்து, கொக்கோ மூட்டை கட்ட கானாவுக்கு வந்து, பிறகு அரிசிக்கும் கடைசியில் கரிக்கும் பயன்பட்ட சாக்குகள். வியாபாரிகளுக்குப் புதுச் சாக்கைக் கொடுத்துப் பழையதை வாங்குகிறார். இவர்களிடம் பொருள் ஏற்கெனவே ஒருமுறை வாழ்ந்து முடித்து வருகிறது. ஃப்ளேவினின் குழாய் வாழத் தொடங்கும் முன்பே எடுக்கப்படுவது. இவர்களுடையதை மாற்ற முடியாது. ஒரு சாக்கு கிழிந்தால் அந்தக் கறையும் முத்திரையும் உள்ள சாக்கு வேறெங்கும் இல்லை. ஃப்ளேவினுடையது மாற்றியே வாழ்வது. அதனால்தான் மாற்றுப் பொருள் இல்லாமல் போவது அவரைப் பாதிக்கும் அளவுக்கு இவர்களைப் பாதிக்காது.

அந்த நாள் வந்துகொண்டிருக்கிறது. ஃப்ளேவின் பயன்படுத்தியது ஒன்றரை அங்குல விட்டமுள்ள தடித்த குழாய், நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்த நாற்பது வாட் குழாயின் உறவு. மின்சாரச் சிக்கன விதிகளால் அது பல நாடுகளில் 2012 வாக்கிலேயே ஓரம் கட்டப்பட்டது. பொது வெளிச்சத்துக்கான மெல்லிய குழாய்களையும் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டில் தடை போட்டது. காரணம் உள்ளே இருக்கும் பாதரசம். அதே ஆண்டு நவம்பரில் ஜெனீவாவில் கூடிய, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தின் நாடுகள் 2027க்குள் பொது உபயோக டியூப் லைட்டின் உற்பத்தியையும் வணிகத்தையும் நிறுத்த ஒப்புக்கொண்டன. சுவர் விளக்கு என்று ஃப்ளேவினுக்குப் பெயர் சூட்டிய அதே ஐரோப்பாவில் சுவர் விளக்குக்குக் குழாய் கிடைக்காத நிலை.

எல்இடி குழாய் போட்டால் என்ன? பட்டியில் பொருந்தும், மின்சாரமும் மிச்சம். ஆனால் சாதாரண எல்இடி குழாய் ஒரு பக்கமாகத்தான் ஒளியை வீசும், முதுகுப் பக்கம் இருட்டு. பழைய குழாய் சுற்றிலும் எரிவது. ஃப்ளேவினுக்குச் சுவரில் படியும் ஒளிதான் பாதிப் படைப்பு. மூலையில் நிற்கும் அந்த இளஞ்சிவப்பில் எல்இடியைப் போட்டால் மூலை மூலையாகவே இருக்கும். சுற்றெரியும் எல்இடியைத் தனியாகச் செய்யலாம், பாஸ்பரின் நிறத்தையும் பொருத்திவிடலாம். செய்தால் அது கடைச்சரக்கு அல்ல, ஒரு கலைஞரின் படைப்புக்காகச் சிறப்பாகத் தயாரித்த பொருள். பழைய குழாயையே குறைந்த எண்ணிக்கையில் தனியாகச் செய்யச் சொன்னாலும் இதே கதைதான். எந்த வழியில் போனாலும் கேட்டலாகில் இருந்து எடுத்தது என்ற குணம் போய்விடுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. படைப்பு என்பது ஒளி விளைவுதான் என்ற ஐரோப்பிய ஆணையத்தின் வாதத்தை ஏற்றால், அதே ஒளியைத் தரும் எல்இடிக்குத் தடையே இல்லை. குழாயும் பட்டியும் சேர்ந்ததுதான் சிற்பம் என்று தீர்ப்பாயத்தில் வாதாடிய கலை உலகம்தான் எல்இடி கூடாது என்றாக வேண்டும். வரி விஷயத்தில் எதிரியாக இருந்த வாக்கியத்தை, படைப்பைப் பேணும் விஷயத்தில் கடன் கேட்கும் நிலைமை.

அருங்காட்சியகங்கள் இப்போதைக்குக் குழாய்களை வாங்கி அடுக்கி வைத்திருக்கின்றன. கலைக்கூடத்தின் நிலவறையில் ஓவியங்களுக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டிகளில் டியூப் லைட். முன்பு ஒன்று எரிந்துபோனால் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து மாற்றிவிட்டுப் போவார். இப்போது எந்தப் பெட்டியை எப்போது பிரிப்பது என்பதே காப்பாளர் கவலைப்படவேண்டிய முடிவு. தாத்லின் வரிசைக்கு 2,100 மணி நேரம் என்று ஃப்ளேவின் கணக்குச் சொன்னபோது, அடுத்த குழாய் கடையில் இருந்தது. நிரந்தரமற்றது என்ற அவருடைய கிண்டல் அந்த வசதியில் பிறந்தது. அதை அவருடைய இறுதி விருப்பமாக எடுத்துக்கொண்டு, குழாய் தீர்ந்ததும் அணைந்த நிலையில் காட்சிக்கு வைக்கலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆந்த்ரேயைப் பாருங்கள். கல் கிடைக்காதபோது கிடைத்த வேறு கல்லை வாங்கினார், அளவும் நிறமும் மாறியதை ஏற்றுக்கொண்டார், டேட் அதை மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறது. அந்தச் சலுகை எடுக்க அவர் உயிரோடு இருந்தார். ஃப்ளேவின் சார்பில் அதை எடுக்கும் தைரியம் இன்று யாருக்கு இருக்கிறது என்பது தெரியும்வரை அட்டைப் பெட்டிகள் குறைந்துகொண்டே வரும்.